இரும்பு வண்டியில் வந்த கையெழுத்துகள்

1954-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள். வாஷிங்டன் மாநகரிலே, அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் அருகே ஒரு வண்டி வந்து நின்றது. வங்கிப் பணத்தை ஏற்றிச் செல்லும் இரும்புக் கவச வண்டி! கூடவே காவலர்கள். உள்ளே இருந்தது பொன்னா? பணமா? இல்லை. கட்டுக் கட்டாகக் காகிதம். காகிதத்திலே கையெழுத்து. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் கையெழுத்து! எங்கள் ஜோவின் மீது கண்டனத் தீர்மானம் போடாதீர்கள் என்று செனட் சபையைக் கேட்டுக்கொண்ட மக்களின் கையெழுத்து.

யார் அந்த ஜோ? ஜோசப் மெக்கார்த்தி. விஸ்கான்சின் மாநிலத்தின் செனட்டர். குடியரசுக் கட்சிக்காரர். உழைப்பாளியின் கூலியைக் காலணா உயர்த்தியவரா? இல்லை. ஏழைக்கு வீடு கட்டித் தந்தவரா? அரசு வீடு கட்டித் தருவதையே எதிர்த்தவர்! அவர் பெயர் சொல்ல ஒரு சட்டமேனும் உண்டா? சட்டப் புத்தகம் முழுவதையும் புரட்டினாலும் கிடைக்காது. இருந்தும் பத்து லட்சம் பேர் அவருக்காகப் பேனா எடுத்தார்கள். ஏன்?

தலைவனை நேசிப்பது என்றால் என்ன என்பது நமக்குத் தெரியாததல்ல. கொட்டும் மழையிலே குடையில்லாமல் நின்று கூட்டம் கேட்டவனுக்கு, இரவெல்லாம் சுவரொட்டி ஒட்டிவிட்டுக் காலையிலே ஆலைக்கு ஓடியவனுக்கு, அந்த நேசத்தின் சூடு தெரியும். அதனாலேயே தோழர்களே, கடலுக்கு அப்பால் அந்த நேசத்தைப் பெற்ற ஒருவரின் கதையைச் சற்று நின்று பார்க்கத் தோன்றுகிறது.

1908 நவம்பர் 14-இல் பிறந்தவர் மெக்கார்த்தி. ஆப்பிள்டன் நகரத்தை அடுத்த கிராண்ட் ஷூட் என்ற ஊரிலே, ஐரிஷ் வழிவந்த விவசாயக் குடும்பம். கத்தோலிக்கர்கள். பதினான்கு வயதிலே பள்ளியை விட்டார். கோழி வளர்த்தார். தொழில் பெருகியது. பிறகு நோயில் விழுந்தார். கோழிகளும் போயின, கைமுதலும் போயிற்று. மனாவா என்ற சிற்றூரிலே மளிகைக் கடையை நடத்தும் வேலைக்குப் போனார். அங்கேதான், இருபது வயதிலே, மீசை முளைத்த பிறகு, சிறுவர்களோடு சிறுவராய் மறுபடி பள்ளிப் பெஞ்சில் உட்கார்ந்தார். நான்காண்டுப் படிப்பை ஒரே ஆண்டிலே முடித்தார்! பெட்ரோல் நிலையத்திலே வேலை பார்த்துக்கொண்டே மில்வாக்கியில் உள்ள மார்க்வெட் பல்கலைக்கழகத்திலே சட்டம் படித்து, 1935-இல் வழக்கறிஞரானார்.

இதிலே பொய் ஒன்றும் இல்லை. பின்னாளில் அந்த மனிதர் என்ன செய்தார் என்பதற்காக முன்னாளின் வியர்வையை மறைக்க வேண்டியதில்லை. உழைத்துத்தான் வந்தார். உழைத்து வந்தவர் என்பதாலேயே உழைப்பவன் அவரைத் தன்னவர் என்று எண்ணினான். அங்கேதான் முடிச்சு இருக்கிறது.

1936-இல் ஜனநாயகக் கட்சியின் சார்பிலே மாவட்ட வழக்கறிஞர் பதவிக்கு நின்று தோற்றார். ஆம், எந்தக் கட்சியைப் பின்னாளில் துரோகிகளின் கூடாரம் என்று தூற்றினாரோ அதே கட்சிதான்! 1939-இல் நீதிபதித் தேர்தல். எதிரே நின்றவர் இருபத்து நான்கு ஆண்டுகள் நீதிபதியாக இருந்த வெர்னர். மெக்கார்த்தி பண்ணை பண்ணையாகப் போனார். மாட்டைப் பற்றிப் பேசினார், மக்களைப் பற்றிக் கேட்டார், பெயர்களை நினைவில் வைத்தார், வீடு திரும்பியதும் அவரவர் பெயருக்குக் கடிதம் போட்டார். ஒரு விவசாயிக்கு, தன் பசுவின் நோயை நினைவு வைத்திருப்பவனைவிட உற்றவன் வேறு யார்? இது ஒரு கை. மறு கை என்ன செய்தது தெரியுமா? அறுபத்தாறு வயதான வெர்னருக்கு எழுபத்து மூன்று வயது என்று ஊரெங்கும் பரப்பியது! வென்றார். அன்பைத் தேடுவதற்கும் பொய்யைப் பரப்புவதற்கும் அவருக்கு ஒரே வண்டி, ஒரே பாதை, ஒரே வாரம் போதுமானதாக இருந்தது.

பிறகு போர் வந்தது. 1942-இல் கடற்படைத் தரைப்படையிலே சேர்ந்தார். சாலமன் தீவுகளிலே, விமானிகளிடம் செய்தி கேட்டுக் குறிப்பெடுக்கும் மேசை வேலை. சில தடவை விமானத்திலே ஏறிப் பறந்ததும் உண்மை. அந்தச் சில தடவை, ஊர் திரும்பியதும் பல தடவை ஆயிற்று. கப்பலிலே நடந்த கேலிக் கொண்டாட்டத்தில் பட்ட கால் காயம், போர்க்களக் காயம் ஆயிற்று. விமானத்தின் வாலிலே அமர்ந்து எதிரியைச் சுட்டு வீழ்த்திய வீரர் என்று பட்டம் சூட்டிக்கொண்டு 1946-இல் செனட் தேர்தலுக்கு வந்தார்.

கட்சிக்குள் நடந்த முதல்கட்டத் தேர்தலிலே எதிரே நின்றவர் சாதாரண ஆள் அல்ல. ராபர்ட் லா பாலட்! அந்தப் பெயருக்கு விஸ்கான்சினில் இருந்த மதிப்பு மிகப் பெரிது. தந்தையும் மகனுமாக நாற்பது ஆண்டுகள் அந்த மாநிலத்தின் செனட் இடத்தை வைத்திருந்தவர்கள். தொழிலாளர் உரிமைக்காக வாதாடிய குடும்பம். ஆனால் மகன் வாஷிங்டனிலேயே இருந்துவிட்டார். ஊர்ப்பக்கம் வந்து வாக்குக் கேட்க நேரமில்லை. மில்வாக்கியின் தொழிலாளர்கள் பலர் ஜனநாயகக் கட்சியின் முதல்கட்டத் தேர்தலுக்குப் போய்விட்டார்கள். சோவியத் நாட்டைக் குறை சொன்னவர் லா பாலட் என்ற கோபம் அங்கே சங்கங்களில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு. ஐயாயிரத்துச் சொச்சம் வாக்கில் மெக்கார்த்தி வென்றார். கம்யூனிஸ்டுகளின் கோபத்தால் லா பாலட்டுக்குக் குறைந்த ஒவ்வொரு வாக்கும், கம்யூனிஸ்ட் வேட்டைக்காரருக்கு வழி திறந்து விட்டது. தோற்ற லா பாலட் 1953-இல் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார்.

செனட்டிலே முதல் மூன்றாண்டுகள் அவர் யாருக்கு உழைத்தார்? சர்க்கரைக் கட்டுப்பாட்டை நீக்கு என்று முழங்கினார். பெப்சி-கோலா பாட்டில் தொழில் நடத்திய முதலாளி ஒருவர் அவருடைய 20,000 டாலர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். வீட்டு வசதி பற்றி ஒரு சிறு புத்தகம். அதற்கு, ஆயத்த வீடுகள் செய்யும் கம்பெனி கொடுத்தது 10,000 டாலர். தொழிற்சங்கங்களின் கையைக் கட்டிய 1947-ஆம் ஆண்டு டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம் வந்தது, அதற்கும் ஆதரவு. கோழி வளர்த்த பையன் யார் பக்கம் போய் நின்றான் பார்த்தீர்களா? ஆனால் இதை அந்நாளில் யார் பார்த்தார்கள்! பார்க்கும்படியான ஆளாகவே அவர் அப்போது இல்லை.

1950 பிப்ரவரி 9. மேற்கு வர்ஜீனியாவிலே வீலிங் என்ற ஊர். குடியரசுக் கட்சி மகளிர் மன்றத்தின் கூட்டம். அங்கே எழுந்து நின்று, வெளிநாட்டுத் துறையிலே இருக்கும் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தம் கையிலே இருப்பதாகச் சொன்னார். எத்தனை பேர்? கேட்டவர்கள் குறித்துக்கொண்டது 205. அடுத்த ஊரிலே அது 57 ஆயிற்று. அதே மாதம் 20-ஆம் தேதி செனட்டிலே 81 ஆயிற்று. எண்ணிக்கை ஏறி இறங்கியது. ஏறிய புகழ் மட்டும் இறங்கவில்லை.

ஏன் நம்பினார்கள்? முட்டாள்களா? அப்படிச் சொல்லிக் கையைத் தட்டிவிட்டுப் போவது எளிது. பட்டணத்துப் படிப்பாளிகள் பலர் அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் அப்படிச் சொல்லச் சொல்ல மெக்கார்த்திக்கு ஆள் கூடியது!

அந்த நாளை எண்ணிப் பாருங்கள். 1949-இல் சோவியத் நாடு அணுகுண்டு வெடித்தது. அதே ஆண்டு சீனம் கம்யூனிஸ்டுகளின் கைக்குப் போயிற்று. வெளிநாட்டுத் துறையில் பெரிய பதவி வகித்த ஆல்ஜர் ஹிஸ், பொய்ச்சாட்சி சொன்னதாக 1950 ஜனவரியிலே தண்டனை பெற்றார். ஜூனிலே கொரியப் போர். உலகப் போரிலே வென்று ஐந்தாண்டு ஆகவில்லை, மறுபடி மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பு என்கிறது அரசு. தந்தை கேட்கிறான்: வென்றோமே, பிறகு ஏன் இந்த நிலை? போலந்திலிருந்து வந்து குடியேறியவன் கேட்கிறான்: என் பாட்டன் ஊரை அந்நியனுக்கு விட்டுக்கொடுத்தது யார்? வெள்ளை மாளிகை விடை சொன்னது. நீண்ட விடை, நிதானமான விடை, புரியாத விடை. மெக்கார்த்தி சொன்னது ஒரே வரி. காட்டிக்கொடுத்து விட்டார்கள்!

யார் காட்டிக்கொடுத்தது? அங்கேதான் அவருடைய சாமர்த்தியம். ஏழையை அவர் கைகாட்டவில்லை. வெள்ளிக் கரண்டியோடு பிறந்தவர்களை, உயர்ந்த கல்லூரியிலே படித்தவர்களை, நாட்டின் நலமெல்லாம் அனுபவித்தவர்களைக் கைகாட்டினார். வெளிநாட்டு அமைச்சர் அச்சிசன் இருந்தாரே, அவர் யேல், ஹார்வர்டு படித்தவர், மீசை நறுக்கியவர், இங்கிலாந்துக் கனவான்போல உடுப்பவர். அவரைக் காட்டினார். பட்டறையிலே கை கறுத்தவன், அந்த மீசையின் எதிரே வாழ்நாளெல்லாம் தலைகுனிந்து நின்றவன், முதல் தடவையாக ஒருவன் அந்த மீசையைப் பிடித்து உலுக்குவதைப் பார்த்தான். சட்டை கசங்கியவன், சவரம் செய்யாதவன், தன்னை ஜோ என்று கூப்பிடச் சொல்பவன், தன்னைப் போலவே பேசுபவன் உலுக்குகிறான்! உள்ளம் குளிர்ந்துவிட்டது. கூலி உயர்ந்ததா என்று அவன் அப்போது கேட்கவில்லை. மானம் உயர்ந்ததுபோல் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

அந்த ஜோவின் பின்னால் நின்று பணம் கொடுத்தவர்கள் யார்? டெக்சாஸ் எண்ணெய்க் கிணற்றுச் சீமான்கள்! கோடீசுவரர்களின் பணம், கூலிக்காரனின் கைதட்டல். இரண்டும் ஒரே மேடையிலே சேர்ந்தன. கைதட்டியவன் பின்வரிசையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

குற்றச்சாட்டை விசாரிக்க மேரிலாந்து செனட்டர் டைடிங்ஸ் தலைமையிலே ஒரு குழு. 1950 ஜூலையிலே, இது முழு மோசடி என்று அறிக்கை தந்தது. நவம்பரிலே டைடிங்ஸ் தோற்றார்! அவரும் கம்யூனிஸ்ட் தலைவர் பிரௌடரும் அருகருகே நிற்பதுபோல் ஒட்டுப்போட்ட படம் ஒன்று தேர்தலிலே சுற்றியது. அவ்வளவுதான், வாஷிங்டனிலே கிலி பிடித்துக்கொண்டது. மெக்கார்த்தியைத் தொட்டவன் கெட்டான் என்று ஒவ்வொரு அரசியல்வாதியும் எண்ணத் தொடங்கினான். டைடிங்ஸ் தோற்றதற்கு அவருடைய மாநிலத்திலேயே வேறு காரணங்களும் இருந்தன. அதை எண்ணிப் பார்க்கப் பொறுமை யாருக்கும் இல்லை.

உலகப் போரை வென்ற தளபதி ஐசனோவரே அஞ்சினார் என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்! தளபதி மார்ஷல், ஐசனோவரை ஆளாக்கியவர். அந்த மார்ஷலையே சதிகாரர் என்று 1951-இல் மெக்கார்த்தி செனட்டிலே தாக்கினார். 1952 அக்டோபரிலே மில்வாக்கிக்கு வாக்குக் கேட்க வந்த ஐசனோவர், மார்ஷலைப் பாராட்டி எழுதி வைத்திருந்த பத்தியைப் பேச்சிலிருந்து எடுத்துவிட்டார். நன்றியைவிட வாக்கு கனமாக இருந்தது.

இனி அந்தத் தேர்தலின் கணக்கைப் பாருங்கள். இங்கேதான் நான் வாசகத் தோழர்களைச் சற்று நிறுத்தி வைக்க விரும்புகிறேன். விஸ்கான்சினிலே ஐசனோவர் பெற்றது நூற்றுக்கு 61. மெக்கார்த்தி பெற்றது 54. தம் கட்சியின் மாநில வேட்பாளர்களிலேயே கடைசி! மில்வாக்கி மாவட்டத்திலே, ஆலைகள் நிறைந்த அந்த இடத்திலே, அவரை எதிர்த்த ஃபேர்சைல்டுதான் முன்னே நின்றார். தளபதியின் தோளிலே ஏறி மெக்கார்த்தி ஆற்றைக் கடந்தார். தளபதியோ, மெக்கார்த்தி தம்மைத் தூக்கிச் செல்வதாக எண்ணி நன்றியை விழுங்கினார். அவரை மெச்சிய தொழிலாளர் பலர், வாக்குச்சாவடியிலே திரை விழுந்ததும் தம் பழைய கட்சிக்கே வாக்களித்தார்கள். பின்னாளிலே மாவட்டம் மாவட்டமாக வாக்குகளை ஆராய்ந்தவர்களும் அதையே கண்டார்கள்: மெக்கார்த்தியின் வாக்கு பெரும்பாலும் குடியரசுக் கட்சியின் பழைய வாக்கு. நேசம் கூச்சலிட்ட அளவுக்குப் பெட்டியிலே விழவில்லை. ஆனால் கூச்சலைக் கேட்டே நாடு நடுங்கிற்று. வேலை இழந்தவர்கள் இழந்தார்கள், வாய் மூடியவர்கள் மூடினார்கள்.

1953-இல் விசாரணைக் குழுவின் தலைமை அவர் கைக்கு வந்தது. ராய் கோன் என்ற இளம் வழக்கறிஞர் வலது கை. (இந்தக் கோன்தான் 1973-இல் டிரம்ப் என்ற இளம் கட்டட முதலாளிக்கு வழக்கறிஞரானார்.) வெளிநாட்டு அமெரிக்க நூலகங்களிலே புத்தக வேட்டை, வானொலியிலே ஆள் வேட்டை, இறுதியிலே இராணுவத்திலே வேட்டை. 1954 மார்ச்சிலே ஆனி லீ மாஸ் என்ற நீக்ரோப் பெண்மணி, இராணுவத்தில் சாதாரண எழுத்தர், குழுவின் முன் நிறுத்தப்பட்டார். மெல்லிய குரலிலே அந்தப் பெண் மறுத்துக்கொண்டிருக்க, மெக்கார்த்தி பாதியிலேயே எழுந்து போய்விட்டார். சீமான்களை உலுக்கப் புறப்பட்டவரின் கை, கடைசியிலே மாதச் சம்பளம் வாங்கும் ஒரு பெண்ணின் மீது வந்து விழுந்தது. அடுத்த ஆண்டு இராணுவம் அவருக்கு மீண்டும் வேலை கொடுத்தது.

1954 ஜனவரியிலே காலப் நிறுவனம் எடுத்த கணக்கிலே, மெக்கார்த்தியை நல்லவர் என்றவர் நூற்றுக்கு 50. அல்லர் என்றவர் 29. ஏப்ரல் 22 முதல் ஜூன் 17 வரை இராணுவத்தோடு நடந்த விசாரணையை டெலிவிஷன் வீடு வீடாகக் காட்டியது. பேச்சுக்குப் பேச்சு குறுக்கே விழும் குரல், வாதம் தோற்கும்போதெல்லாம் வேறொருவன் மீது பாயும் பழி, எல்லாம் கண்ணெதிரே. ஜூன் 9-இல், இராணுவத்தின் வழக்கறிஞர் வெல்ச்சின் அலுவலகத்திலே பணியாற்றிய ஓர் இளைஞர் மீது பழி பாய்ந்தபோது, நாகரிகம் என்ற ஒன்று இருக்கிறதா என்ற பொருளிலே வெல்ச் கேட்டார், கூடம் கைதட்டியது. ஆதரவு பாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.

சுருங்கியது, மறைந்துவிடவில்லை. அந்த மூன்றில் ஒரு பங்கினர் டெலிவிஷன் பார்க்காதவர்களா? பார்த்தவர்கள்தான். பத்திரிகைகள் தாக்கின, பார், எல்லாரும் சேர்ந்து தாக்குகிறார்கள், ஆகவே நம்மவர் சொன்னது மெய் என்றார்கள். செனட் விசாரித்தது, பார், பழி வாங்குகிறார்கள் என்றார்கள். எந்தச் சான்றைக் கொண்டுவந்து வைத்தாலும் அது அவருக்கே சாதகமான சான்றாக மாறிற்று. ஐந்தாண்டு கைதட்டியவன், அது பொய் என்று ஒப்புக்கொண்டால், ஏமாந்தவன் தான்தான் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டுமே! தலைவனை விடுவது எளிது. தன்னை விடுவது எளிதா?

விஸ்கான்சினிலேயே எதிர்ப்பும் எழுந்தது. சாக் சிட்டி என்ற சின்ன ஊரின் வாரப் பத்திரிகை ஆசிரியர், லீராய் கோர், அவரும் குடியரசுக் கட்சிக்காரர்தான், மெக்கார்த்தியைத் திரும்ப அழைக்க இயக்கம் தொடங்கினார். அறுபது நாட்களில் 4 லட்சத்துக்குச் சற்று மேலே கையெழுத்து வேண்டும். கிடைத்தது ஏறத்தாழ 3,35,000. எட்டவில்லை. ஆயினும் கவசவண்டி இல்லாமல், காவலர் இல்லாமல், ஒரே மாநிலத்திலே, இரண்டே மாதத்திலே அத்தனை பேர் துணிந்தார்கள் என்பதை நான் சிறிதாக எண்ணவில்லை.

நவம்பர் 29-இல் நியூயார்க் மாடிசன் சதுக்க அரங்கிலே ஆதரவாளர் பேரணி, பதின்மூவாயிரம் பேர். ஒரு கோடிக் கையெழுத்து என்பது அவர்கள் இட்ட இலக்கு. வந்தது பத்து லட்சம். அதுதான் இரும்பு வண்டியில் ஏறியது. மறுநாள், டிசம்பர் 2, செனட் 67-க்கு 22 என்று கண்டனத்தை நிறைவேற்றியது. அன்று மருத்துவமனையிலே படுத்திருந்த ஒரு செனட்டர் எந்தப் பக்கமும் வாக்குப் பதியவில்லை. மாசசூசெட்ஸ் ஐரிஷ் மக்கள் மெக்கார்த்தியை நேசித்தார்கள். அந்த நேசத்தைக் கடந்து போக அவருக்கு மனம் வரவில்லை. பெயர் ஜான் கென்னடி.

அதன் பிறகு மெக்கார்த்தி எழுந்தால் செனட்டிலே இருக்கைகள் காலியாயின. செய்தியாளர்கள் பேனாவை மூடினார்கள். குடி, முன்பே இருந்தது, மிகுந்தது. கல்லீரல் கெட்டது. 1957 மே 2-இல், நாற்பத்தெட்டு வயதிலே இறந்தார். ஆப்பிள்டனிலே, புனித மேரி ஆலயத்திலே, உடலைக் காணப் பல்லாயிரவர் வரிசையாக வந்தார்கள். ஆலை உடுப்போடு வந்தவனுக்கும், அழுத கிழவிக்கும் அங்கே போலித்தனம் ஏது? அந்தக் கண்ணீர் மெய்யான கண்ணீர். முன்பு அவருடைய குழுவிலே சில மாதம் வேலை பார்த்த ராபர்ட் கென்னடியும் அங்கே வந்து நின்றார்.

நான்கு மாதம் ஆகவில்லை. அதே ஆகஸ்டிலே, அவருடைய காலி இடத்துக்குத் தேர்தல். முன்னர் மூன்று தடவை கவர்னர் பதவிக்கு நின்று தோற்ற ஜனநாயகக் கட்சியின் பிராக்ஸ்மயரை விஸ்கான்சின் மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்; 1989 வரை அவரே அந்த இடத்திலே இருந்தார். ஆனால் யூடா மாநிலத்திலே வேறு கதை நடந்தது. கண்டனத் தீர்மானத்துக்கு வழிவகுத்த குழுவின் தலைவர் வாட்கின்ஸ், குடியரசுக் கட்சிக்காரர், 1958-இல் தோற்றார். மெக்கார்த்தியின் நண்பரான முன்னாள் கவர்னர் பிராக்கன் லீ தனித்து நின்று வாக்கைப் பிளந்தார். ஜோ மண்ணுக்குள் போய் ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

1959-இல், ஆப்பிள்டன் நீதிமன்றக் கட்டடத்திலே அவருடைய மார்பளவுச் சிலையை வைத்தார்கள். நாற்பத்திரண்டு ஆண்டுகள், வழக்குக்கு வந்தவர்களும் வரி கட்ட வந்தவர்களும் அதைக் கடந்து போனார்கள். 2001-இல் அதை அங்கிருந்து எடுத்து அருங்காட்சியகத்திலே கொண்டுபோய் வைத்தார்கள்.